செய்தி அலறுது, படம் முனகுது: ரிசீவரில் சத்தத்தைச் சமன் செய்ய எந்த வழி சரி?

செட்டாப் பாக்ஸில் செய்தி பார்க்க வால்யூம் 45 போதும். அதே ரிசீவரில் (எல்லாப் பெட்டிகளின் ஒலியையும் வாங்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் ஏ.வி. ரிசீவர்) ஓ.டி.டி. படம் போட்டால் 58 வைத்தால்தான் வசனம் புரிகிறது. படம் முடிந்து யாராவது ரிமோட்டை வாங்கி கேபிளுக்கு மாற்றினால், செய்தி வாசிப்பவர் தெருவுக்கே வாசிக்கிறார். "காது கிழியுது, கம்மி பண்ணுப்பா" என்று உள்ளே இருந்து குரல் வரும். இதைச் சரிசெய்ய ரிசீவர் மெனுவில் நாலு வழி கண்ணில் படும். நாலும் ஒரே வேலையைச் செய்வது போலத்தான் தெரியும். ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு கோளாறுக்கு.

காரணத்தைப் பார்த்துவிடலாம். நெட்ஃபிளிக்ஸ் தன்னிடம் வரும் படங்களில் வசனத்தின் சராசரி அளவு மைனஸ் 27 டெசிபல் இருக்க வேண்டும் என்கிறது (பூஜ்யம்தான் டிஜிட்டல் ஒலியின் உச்சம்; மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாகச் சத்தம் குறைவு). யூடியூப், மைனஸ் 14-ஐத் தாண்டும் வீடியோக்களை அந்த அளவை ஒட்டி இறக்கிவிடும். சத்தம் குறைவாக இருப்பதை ஏற்றாது. ஐரோப்பிய ஒளிபரப்புக்கு மைனஸ் 23, அமெரிக்காவுக்கு மைனஸ் 24. நெட்ஃபிளிக்ஸுக்கும் யூடியூபுக்கும் நடுவே மட்டும் 13 டெசிபல் வரை வித்தியாசம் வரலாம். 10 டெசிபல் கூடினாலே காதுக்குச் சத்தம் இரண்டு மடங்காகத் தெரியும். ஆகவே ரிசீவரில் கோளாறு எதுவும் இல்லை.

இந்த வித்தியாசம் இரண்டு வகை. ஒரு பெட்டிக்கும் இன்னொரு பெட்டிக்கும் இடையே இருப்பது ஒன்று; அது கிட்டத்தட்ட எப்போதும் அதே அளவில் நிற்கும். ஒரே படத்துக்குள் மெதுவான பேச்சுக்கும் சண்டைக் காட்சிக்கும் இடையே இருப்பது இன்னொன்று; அது நொடிக்கு நொடி மாறும். முதல் வகைக்கு இரண்டாவதின் மருந்தைப் போட்டுவிட்டு "ரிசீவர் சவுண்டே சரியில்லை" என்று சொல்பவர்கள்தான் அதிகம்.

முதல் வகைக்கு என் ஓட்டு, கண்ணை மூடிக்கொண்டு, சோர்ஸ் லெவலுக்கு. டெனான், மராண்ட்ஸில் இதே பெயரில் இருக்கும். ஒவ்வொரு இன்புட்டையும், அதாவது ரிசீவரில் சொருகிய ஒவ்வொரு பெட்டியின் ஒலியையும், தனித்தனியே 12 டெசிபல் ஏற்றலாம், இறக்கலாம். யமஹாவில் வால்யூம் ட்ரிம் என்று பெயர். 6 டெசிபல்தான் இடம், ஆனால் அரை அரையாக நகர்த்தலாம். ஒன்கியோவில் இன்டெலிவால்யூம். ஒருமுறை வைத்துவிட்டால் அந்த இன்புட்டுக்குப் போகும்போதெல்லாம் தானாக அமலாகும். இசையின் ஏற்ற இறக்கத்தைத் தொடாது.

வைக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வழக்கமாக உட்காரும் இடத்திலேயே உட்காருங்கள். ஃபேனை நிறுத்துங்கள். (மே மாதம் வேலூரில் ஃபேன் இல்லாமல் உட்கார்வது தண்டனை, விடியற்காலையில் செய்யுங்கள்.) பின்னணி இசை இல்லாமல் இரண்டு பேர் நிதானமாகப் பேசும் படக்காட்சி ஒன்றைப் போட்டு, காதுக்கு இதமாக வரும்வரை வால்யூமை ஏற்றுங்கள். அப்புறம் வால்யூமைத் தொடாமல் கேபிளுக்கு மாற்றி, செய்தி வாசிப்பவர் குரல் அந்தப் படப் பேச்சின் அளவுக்கு வரும்வரை அந்த இன்புட்டின் சோர்ஸ் லெவலை இறக்குங்கள். விளம்பரத்தை வைத்து அளக்காதீர்கள், குரலை வைத்து அளங்கள். போனில் சவுண்ட் மீட்டர் ஆப் இருந்தால் காது உயரத்தில் பிடித்து, சி வெயிட்டிங், ஸ்லோ என்று வைத்துப் பாருங்கள். போன் காட்டும் எண் துல்லியமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நமக்கு வேண்டியது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான். ஆனால் மீட்டரும் காதும் சண்டை போட்டால் நான் காது பக்கம்.

சத்தம் குறைந்ததை ஏற்றுவதைவிட, கூடியதை இறக்குவதே நல்லது. டிஜிட்டலில் ஏற்கெனவே உச்சத்தில் வரும் ஒலியை மேலும் ஏற்றினால் அது கிழிய வாய்ப்பு உண்டு; இறக்கினால் அந்தப் பயமே இல்லை. யமஹாவில் 6-க்கு மேல் போகாது என்பதால், வித்தியாசம் பெரிதாக இருந்தால் ஒன்றை 6 இறக்கி இன்னொன்றைக் கொஞ்சம் ஏற்ற வேண்டி வரும். அந்த அளவில் யமஹா ஒரு படி பின்தான்.

இதற்கெல்லாம் முன்னால் செட்டாப் பாக்ஸின் சொந்த வால்யூமை முழுசாக ஏற்றி வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் யாராவது அந்த ரிமோட்டில் நாலு தடவை அழுத்தியதும் நீங்கள் வைத்த கணக்கு தவறிப்போகும். எங்கள் வீட்டில் அந்த ரிமோட்டின் வால்யூம் பட்டன்கள் மேல் பழைய விசிட்டிங் கார்டை வெட்டி வைத்து செல்லோடேப் ஒட்டியிருக்கிறோம். பார்க்க அழகில்லை, வேலை செய்கிறது.

சரி, இரண்டாவது வகை. ஆடிசி என்ற ஒலி திருத்தும் மென்பொருள் வசதி உள்ள ரிசீவர்களில் டைனமிக் வால்யூம் என்று ஒன்று உண்டு; லைட், மீடியம், ஹெவி என்று மூன்று அளவு. மெதுவான ஒலியைத் தூக்கும், பெரியதை அமுக்கும். திரையரங்கில் ஒரு ஸ்பீக்கருக்கு 85 டெசிபலை அடிப்படையாக வைத்து, உச்சம் 105 வரை போக இடம் விட்டுப் படத்தைக் கலக்குகிறார்கள். சத்துவாச்சாரியில், சுவரெல்லாம் சிமென்ட், தரையெல்லாம் டைல்ஸ், தலைக்கு மேல் ஐந்தாம் நம்பரில் ஃபேன் என்று இருக்கும் ஹாலில் அந்த மெல்லிய வசனம் ஃபேன் இரைச்சலுக்கு அடியில் போய்விடும். வசனத்துக்காக ஏற்றினால் சண்டையில் ஜன்னல் கண்ணாடி அதிரும். அந்த நேரத்துக்கு லைட் அல்லது மீடியம் உண்மையிலேயே உதவுகிறது. காட்பாடி ஜங்ஷன் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ரயில் ஹார்னும் சேர்ந்துகொள்வதால் இன்னும் அவசியம். மார்கழியில் ஃபேன் நின்றதும் அணைத்துவிடலாம்.

ஆனால் கேபிளுக்கும் ஓ.டி.டி.க்கும் உள்ள வித்தியாசத்தைத் தீர்க்க இதை ஹெவியில் வைத்து விடுவது எனக்கு ஒப்பவில்லை. பாட்டில் வயலின் தனியாக வரும் இடத்தில் சத்தம் மெல்ல மேலே ஏறுவது தெரியும். தவில் விழுந்ததும் பின்னால் இருப்பதெல்லாம் அமுங்கும். டால்பியின் இரவு மோடு இன்னும் குறுகிய கருவி: டால்பி முறையில் சுருக்கி வரும் ஒலிக்கு மட்டும்தான் வேலை செய்யும், சுருக்காமல் வரும் சாதாரண பி.சி.எம். ஒலியைக் கண்டுகொள்ளாது.

கூடவே டைனமிக் ஈக்யூ என்று ஒன்று ஓடும். வால்யூம் குறையக் குறைய பேஸை ஈடுகட்டிக் கூட்டுவது அதன் வேலை, படத்தின் அளவை மனதில் வைத்து. கேபிளில் செய்தி வாசிப்பவர் குடத்துக்குள்ளிருந்து பேசுவது போல் கேட்டால் சந்தேகம் இதன் மேல்தான் விழ வேண்டும். அதே மெனுவில் ரெஃபரன்ஸ் லெவல் ஆஃப்செட் என்று இருப்பதை (அந்த ஈடுகட்டலைக் குறைக்கும் அளவு) 10-க்கு மாற்றினால் அடங்கும். சோர்ஸ் லெவலில் ஏற்கெனவே 10 இறக்கியிருந்தால் ஆஃப்செட்டைப் பூஜ்யத்திலேயே விடுங்கள், இரண்டு தடவை கழிக்க வேண்டாம்.

சோர்ஸ் லெவல் தோற்கும் இடம் ஒன்று உண்டு. டிவி பார்க்கும் ஒரே ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கில் யூடியூபும் நெட்ஃபிளிக்ஸும் ஓடினால் ரிசீவருக்கு இரண்டும் ஒரே இன்புட். அங்கே டெனானின் குயிக் செலக்ட் பட்டன்கள் கைகொடுக்கும். இன்புட்டோடு வால்யூம் அளவையும் சேர்த்து நினைவில் வைக்கும் என்பதால், படத்துக்கு ஒரு பட்டன், யூடியூபுக்கு ஒன்று என்று வைக்கலாம். காகிதத்தில் இதுதான் சிறந்த வழி. நடைமுறையில் என்னைத் தவிர வீட்டில் யாரும் அந்தப் பட்டனை அழுத்துவதில்லை. யூடியூபை டிவியின் சொந்த ஆப்பில் பார்ப்பது என்று பிரித்துவிட்டால், ரிசீவருக்கு அது டிவி ஆடியோ என்ற தனி இன்புட் ஆகிவிடும். அதற்குத் தனி சோர்ஸ் லெவல் வைக்கலாம். அத்தைக்குக்கூட இது பழகிவிட்டது.

நாலாவது வழி, எல்லாப் பெட்டியையும் டிவியில் சொருகி, ஏ.ஆர்.சி. (டிவியின் ஒலியை எச்.டி.எம்.ஐ. ஒயரிலேயே திருப்பி அனுப்பும் வசதி) வழியாக ஒரே ஒயரில் ரிசீவருக்கு அனுப்புவது. 2009-இல் எச்.டி.எம்.ஐ. 1.4-உடன் வந்த வசதி. ரிமோட் ஒன்றே போதும். சவுண்ட்பார் வைத்திருப்பவர்களுக்கு இதையே சொல்வேன். ரிசீவருக்கு வேண்டாம். எல்லாம் ஒரே இன்புட்டாக வருவதால் சோர்ஸ் லெவல் பயனற்றுப் போகிறது. சில டிவிகள் பல ஸ்பீக்கர்களுக்கான 5.1 ஒலியை இரண்டாகச் சுருக்கியே அனுப்புகின்றன. டிவியின் ஆட்டோ வால்யூமும் மேலே சொன்ன அமுக்கல் வேலைதான், அதைவிட முரட்டுத்தனமாக.

இவ்வளவும் செய்தபின் கேபிளிலேயே ஒரு சேனலுக்கும் அடுத்ததற்கும் ஏழெட்டு டெசிபல் வித்தியாசம் தெரிந்தால், ஒன்று டால்பியிலும் மற்றது பி.சி.எம்.மிலும் வருகிறதா என்று ரிசீவர் முகப்பில் பாருங்கள். டால்பி ஒலியோடு வசன அளவு பற்றிய குறிப்பும் வரும். அது மைனஸ் 24 என்றால் ரிசீவர் தானாகவே 7 டெசிபல் இறக்கும், பி.சி.எம்.முக்கு அப்படி எதுவும் கிடையாது. பெட்டியின் மெனுவில் ஆடியோவை பி.சி.எம். என்று மட்டும் மாற்றினால் பெரும்பாலும் சமமாகிவிடும். 5.1 போய்விடும். சீரியலும் செய்தியும் மட்டும் பார்க்கும் பெட்டிக்கு அது நஷ்டமில்லை, கிரிக்கெட்டுக்கு வேண்டுமானால் திரும்ப மாற்றிக்கொள்ளலாம்.