ஆன்லைன் வகுப்புக்கு உதவி ஆள்: கம்பெனியா, கடைக்காரரா, நம்ம பிள்ளையா?

பெரம்பூரில் நாங்கள் நடத்துவது சின்ன டியூஷன் சென்டர். பிளஸ் டூ காமர்ஸ், அக்கவுன்டன்சி, பி.காம் பிள்ளைகளுக்கு அரியர் பேப்பர், கொஞ்சம் டேலி. என்னையும் சேர்த்து ஆசிரியர்கள் 11 பேர். 2020 ஊரடங்கில் வேறு வழியில்லாமல் ஆன்லைனுக்குப் போனோம். ஊரடங்கு போய்விட்டது, சாயங்காலம் 6.30 பேட்ச் மட்டும் ஆன்லைனிலேயே தங்கிவிட்டது. மணலி, எண்ணூர்ப் பிள்ளைகள் இருட்டில் பஸ்ஸுக்கு நிற்க வேண்டியதில்லை. எங்களுக்கும் இரண்டு அறை வாடகை மிச்சம்.

கொளத்தூரில் இதே தொழில் செய்யும் தோழி போன வாரம் போனில் கேட்டாள்: "உங்க சார், மிஸ்ஸுக்கெல்லாம் மைக் வேலை செய்யலை, ஸ்கிரீன் ஷேர் ஆகலைன்னா யாரைக் கூப்பிடுறீங்க?" நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு வகுப்பு ஆரம்பித்துவிட்டது. மீதிதான் இது. மூன்று வழியிலும் காசும் பொறுமையும் செலவழித்துப் பார்த்தாயிற்று. இப்போது மூன்றாவதில் இருக்கிறேன். அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுவேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் வழி, கூகுள், ஜூம் மாதிரிக் கம்பெனியே தரும் உதவி. அதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இலவசக் கணக்குக்காரர்களுக்குப் போனில் பேச ஆள் கிடையாது, உதவிப் பக்கங்கள்தான். கூகுள் வொர்க்ஸ்பேஸ் என்ற நிறுவனக் கணக்குக்குக் காசு கட்டினாலும் கம்பெனியைக் கூப்பிடும் உரிமை அந்தக் கணக்கை நிர்வகிக்கும் அட்மினுக்குத்தான்; நாற்பது பிள்ளைகள் முன்னால் மாட்டிக்கொண்டு முழிக்கும் ஆசிரியருக்கு இல்லை. பள்ளி கல்லூரிகளுக்குக் கூகுள் இலவசமாகத் தருவது அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களுக்கு. டியூஷன் சென்டர் அந்த வரிசையில் நிற்க முடியாது.

விதி, வரம்பு பற்றிய கேள்வி என்றால் உதவிப் பக்கத்தைவிட நல்ல இடம் இல்லை. ஜூம் இலவசக் கணக்கில் 40 நிமிடம், கூகுள் மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் 60 நிமிடம் என்பதையெல்லாம் அங்கே பார்ப்பதுதான் சரி. யூடியூபில் தேடினால் 2020-ல் எடுத்த வீடியோ முன்னால் வந்து நிற்கும். அதில் காட்டும் பட்டன் இன்றைக்கு அந்த இடத்தில் இருக்காது. எங்கள் காமர்ஸ் சாரோ செல்போனைத் தமிழில் வைத்திருக்கிறார். ஆங்கிலப் பக்கத்தில் படித்த பட்டன் பெயரை அவர் திரையில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

ஒரு எச்சரிக்கையும் இங்கேயே. எங்கள் பிசினஸ் மேத்ஸ் மிஸ் ஒருநாள் அவசரத்தில் 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று தேடி, முதலில் வந்த செல் நம்பருக்குப் போட்டுவிட்டார். எடுத்தவன் லேப்டாப்பில் ஏதோ ஒரு ஆப்பை இறக்கச் சொன்னான். அதே லேப்டாப்பில்தான் அவருடைய பேங்க் கணக்கும். பாதி இறங்கும்போது கரண்ட் போய் வைஃபை நின்றது. மின்வெட்டை நான் வாழ்த்திய ஒரே நாள் அதுதான். அப்படிக் காசு போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போட வேண்டும். இந்த நம்பரை ஆசிரியர்கள் எல்லோர் போனிலும் சேமித்து வைத்திருக்கிறோம்.

அடுத்து ஏ.எம்.சி., அதாவது வருஷத்துக்கு ஒரு தொகை பேசி வைக்கும் பராமரிப்பு ஒப்பந்தம். மூலக்கடைப் பக்கம் ஒரு சிஸ்டம் சர்வீஸ் கடை. 2021-ல் வருஷத்துக்கு 18,000 ரூபாய் பேசினோம். நாலு கம்ப்யூட்டர், பிரின்டர், யூ.பி.எஸ்., கூடவே 'ஆன்லைன் கிளாஸ் சப்போர்ட்'. மனிதர் கெட்டிக்காரர். ராம் போய்விட்டது என்றால் ரிச்சி தெருவுக்குப் போய் வாங்கி வந்து அன்றைக்கே மாட்டிவிடுவார். ஹார்ட்வேர் வேலையில் அவரைக் குறை சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

வகுப்புக்கான கணக்கையும் அவரே திறந்து கொடுத்தார். அப்போது அது எங்களுக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. ஜிமெயில் அவர் உருவாக்கியது, மீட்பு எண் (உள்ளே நுழைவது நாம்தானா என்று பார்க்கக் கூகுள் ஓ.டி.பி. அனுப்பும் எண்) அவருடைய செல், பாஸ்வேர்டு அவருடைய டைரியில். பாடமும் வீட்டுவேலையும் போடும் கூகுள் கிளாஸ்ரூமில் எல்லா வகுப்புக்கும் முதன்மை ஆசிரியர், அதாவது சொந்தக்காரர், அந்த ஜிமெயில்தான். நாங்கள் இணை ஆசிரியர்கள்.

2023 மார்ச். அக்கவுன்டன்சி பரீட்சைக்கு நாலு நாள். கடைசி ரிவிஷன் வகுப்பை அந்தக் கணக்கிலிருந்துதான் திறக்க வேண்டும். 6.20-க்கு உட்கார்ந்தால் கணக்கு தானாக வெளியே வந்து நிற்கிறது. பாஸ்வேர்டு போட்டால் ஓ.டி.பி. கேட்கிறது. ஓ.டி.பி. போனது மூலக்கடைக்காரர் செல்லுக்கு. அவர் பொன்னேரியில் ஒரு கல்யாண ரிசப்ஷனில். பாட்டுக் கச்சேரி சத்தத்தில் ரிங் கேட்கவில்லை. வாட்ஸாப் குரூப்பில் 6.30-லிருந்து "மிஸ் லிங்க்", "மிஸ் லிங்க் பிளீஸ்", அப்புறம் வெறும் கேள்விக்குறிகள். 7.10-க்குத் திருப்பிக் கூப்பிட்டு ஆறு இலக்கம் சொன்னார். அது காலாவதி. மறுபடி ஒன்று வாங்கி 7.20-க்கு வகுப்பைத் திறந்தபோது 42 பேரில் 15 பேர்தான் இருந்தார்கள்.

அவர் மேல் கோபம் இல்லை. கல்யாணத்துக்குப் போகக் கூடாதா என்ன? வீட்டுச் சாவியை அவரிடமே கொடுத்துவிட்டு இரண்டு வருஷம் குடியிருந்தது நாங்கள்.

பாஸ்வேர்டையும் மீட்பு எண்ணையும் மாற்றி வாங்கிக்கொண்டால் போதுமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அதே ஜிமெயிலில் அவர் இன்னும் இரண்டு டியூஷன் சென்டருக்கு வகுப்பு திறந்திருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஆகவே புதிதாக ஒரு கணக்கு திறந்து, ஒன்பது வகுப்பிலும் அதை இணை ஆசிரியராகச் சேர்த்து, அவரை உட்காரவைத்து ஒவ்வொன்றாக முதன்மைப் பொறுப்பை மாற்றச் சொன்னோம். இதைப் பழைய முதன்மை ஆசிரியர்தான் செய்ய முடியும். அவர் மனசு வைக்காவிட்டால் அவ்வளவுதான். பழைய ரெக்கார்டிங் எல்லாம் அந்த ஜிமெயிலின் டிரைவில் இருந்தன. இலவசக் கணக்கில் மெயில், டிரைவ், போட்டோ எல்லாம் சேர்த்தே 15 ஜி.பி.தான், அது நிரம்பிவிட்டால் மெயில் வருவதும் நின்றுவிடும். நிரம்பும் நிலையில்தான் இருந்தது. இறக்கி ஹார்ட் டிஸ்க்கில் போடவே இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயின.

அதிலிருந்து உதவி ஆளை எடை போட என்னிடம் ஒரே கேள்விதான்: இந்த ஆள் நாளைக்கு வரவில்லை என்றால் எங்கள் கையில் என்ன இருக்கும்? எவ்வளவு வேகமாகச் சரி செய்கிறார் என்பது இதற்கு அப்புறம்தான்.

இப்போது புதுக் கணக்கின் மீட்பு எண் சென்டரின் செல். அந்த செல் மேஜை டிராயரை விட்டு வெளியே போகாது. செல்லே தொலைந்தால் என்ன செய்வது என்பதற்காக, ஓ.டி.பி.க்குப் பதிலாகப் போடக் கூகுள் தரும் பேக்கப் கோடுகளை அச்செடுத்து பீரோவில் வாடகை ரசீதோடு வைத்திருக்கிறேன். எட்டு இலக்கத்தில் பத்து கோடு வரும், ஒவ்வொன்றும் ஒரு தடவைதான் செல்லும், பயன்படுத்தியதைப் பேனாவால் அடிக்க வேண்டும். இந்தத் தாளுக்குச் செலவு ஒரு ரூபாய். 2023 மார்ச்சில் இருந்திருந்தால் 6.22-க்கு வகுப்பு திறந்திருக்கும்.

சரி, மூன்றாவது வழி. எங்களிடமே படித்த பையன், வியாசர்பாடி, அப்போது பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் வருஷம் முடித்திருந்தான். 2023 ஜூனில் மாதம் 3,500 ரூபாய்க்கு, சாயங்காலம் 6-லிருந்து 8.30 வரை சென்டரில் உட்காரச் சொன்னோம். வருஷத்துக்கு 42,000. ஏ.எம்.சி.யைவிட இரண்டு மடங்குக்கு மேல். ஹார்ட்வேர் அவனுக்கு வராது, யூ.பி.எஸ். பேட்டரி போனால் இன்றைக்கும் மூலக்கடைக்காரரைத்தான் கூப்பிட்டு, வந்ததற்குக் காசு கொடுக்கிறோம். விலையை மட்டும் பார்ப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

அவனிடம் முதல் நாளே ஒரு லாங் சைஸ் நோட்டைக் கொடுத்தேன். நாலு பத்தி: தேதி, என்ன ஆச்சு, சார் என்ன வார்த்தை சொன்னார், என்ன செய்தோம். மூன்றாவது பத்திதான் முக்கியம் என்று போகப் போகத் தெரிந்தது. ஆசிரியர் யாரும் 'மைக் பெர்மிஷன் பிளாக் ஆகியிருக்கிறது' என்று சொல்வதில்லை. "நான் பேசறேன், பசங்க காதுல போட்டுக்க மாட்டேங்கறாங்க" என்பார்கள். நோட்டில் அப்படியே இருக்கும். எதிரே தீர்வு, பட்டன் எங்கே இருக்கிறது என்பதற்குப் பென்சிலில் ஒரு படம். அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து ஆசிரியர்கள் குரூப்பில் போட்டுவிடுவான்.

காமர்ஸ் சாருக்கு 61 வயது, கொடுங்கையூரில் வீட்டிலிருந்தே நடத்துகிறார். 2023 அக்டோபரில் ஒருநாள் அவர் மைக் நின்றுவிட்டது. நோட்டுப் படத்தைப் பார்த்துத் தானே சரி செய்யப் பார்த்திருக்கிறார். நோட்டில் 'அட்ரஸுக்கு இடது பக்கம் பூட்டுப் படத்தைத் தொடவும்' என்று இருந்தது. கூப்பிட்டார், ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"தம்பி, பூட்டைக் காணோம்பா."

"பூட்டு இருந்த எடத்துல என்ன சார் இருக்கு?"

"ரெண்டு கோடு. ஒவ்வொண்ணுலயும் ஒரு முட்டை."

"அதான் சார் இப்போ பூட்டு. தொடுங்க. மைக்ரோபோன்னு வருதா, ஆன் பண்ணுங்க."

செப்டம்பரில் வந்த குரோம் பிரவுசரின் 117-ஆம் பதிப்பில் கூகுள் அந்தப் பூட்டை எடுத்துவிட்டு வேறு படம் வைத்திருந்தது. பூட்டைப் பார்த்தாலே பத்திரமான தளம் என்று ஜனங்கள் தப்பாக எடுத்துக்கொண்டார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். இருக்கட்டும். அன்று ராத்திரி கிளம்பும் முன் பையன் பழைய படத்தை அடித்துவிட்டு, இரண்டு கோடும் இரண்டு முட்டையும் வரைந்து தேதி போட்டான். கம்பெனிப் பக்கத்திலும் இந்தத் தகவல் கிடைக்கும், 'முட்டை' கிடைக்காது. மறுநாள் இதே பிரச்சினையோடு கூப்பிட்ட இரண்டு மிஸ்களுக்கு "முட்டையைத் தொடுங்க" என்றதோடு வேலை முடிந்தது.

நோட்டு இருந்தால் போதாது, அது பழசாகாமல் பார்க்க வேண்டும். மாதத்தின் முதல் சனிக்கிழமை வகுப்பு கிடையாது, பராமரிப்புதான். குரோமும் ஜூமும் புதுப்பித்தாயிற்றா, டிரைவில் எத்தனை ஜி.பி. மிச்சம், பேக்கப் கோடு எத்தனை மீதி, நோட்டில் எந்தப் படம் மாறியிருக்கிறது. மே மாதம் பழைய பேட்ச் வகுப்புகளை ஆர்க்கைவ் செய்வது தனி. ஏ.எம்.சி.யில் இதையெல்லாம் கேட்டால், "ஏதாவது பிராப்ளம்னா கூப்பிடுங்க மேடம்" என்பார். அவர் தொழில் அப்படி, கூப்பிட்டால் வருவது.

இந்த வழிக்கு எல்லோரும் சொல்லும் ஆட்சேபம், பையன் வேலை கிடைத்துப் போய்விடுவான் என்பது. போனான். 2024 ஜூனில் சிறுசேரியில் வேலை. அதற்குள் புளியந்தோப்புப் பெண் ஒருத்தி, பி.சி.ஏ. படிப்பவள், வரத் தயாராக இருந்தாள். முதல் நாள் நோட்டை முழுக்கப் படித்தாள். இரண்டாம் நாள் போனை அவள் எடுத்தாள், அவன் பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தான். மூன்றாம் நாள் பாஸ்வேர்டை மாற்றினோம், அவன் கையாலேயே தன் பெயரை இணை ஆசிரியர் பட்டியலிலிருந்து எடுத்தான். மூன்று சாயங்காலம், அவ்வளவுதான். ஒன்று மட்டும் தப்பிவிட்டது: ரூட்டரின் பாஸ்வேர்டு நோட்டில் இல்லை, அவன் தலையில் இருந்தது. பத்து நாள் கழித்து அதற்காக அவனைத் தேட வேண்டியதாயிற்று. இப்போது அதுவும் பீரோத் தாளில் இருக்கிறது.

பிள்ளைகளின் செல் நம்பர் பட்டியலை மட்டும் உதவி ஆள் யாரிடமும் கொடுப்பதில்லை. நல்ல பிள்ளைகள்தான், இருந்தாலும் பாதிப் பேர் மாணவிகள்.

மழை வந்தால் இந்த ஏற்பாடு ஆட்டம் காணும். வியாசர்பாடிப் பையன் இருந்த காலத்தில், கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் அவன் சுற்றி வர வேண்டியிருக்கும், பல நாள் வரவே முடியாது. ஆன்லைன் வகுப்பு அதிகம் தேவைப்படுவதும் அந்த நாட்களில்தான். அப்போது வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்வான்: லேப்டாப்பில் நடத்துபவர் என்றால், தூரத்திலிருந்தே இன்னொருவர் கம்ப்யூட்டரை இயக்க உதவும் குரோம் ரிமோட் டெஸ்க்டாப்பில் 12 இலக்கக் கோடு வாங்கி, பேங்க் பக்கமெல்லாம் மூடச் சொல்லிவிட்டு உள்ளே வருவான். செல்லில் நடத்துபவர் என்றால் வாய்மொழிதான், முட்டை, கோடு என்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கரண்டே இல்லை. எந்த வழியில் உதவி வைத்திருந்தாலும் ஒன்றுதான்.

இது 11 பேர் கணக்கு. அறுபது ஆசிரியர் இருக்கும் கல்லூரிக்கு ஒரு பிள்ளையும் ஒரு நோட்டும் போதும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். மூடுல் என்ற வகுப்பு நடத்தும் மென்பொருளைத் தாங்களே சர்வரில் போட்டு நடத்துபவர்களுக்கும் அப்படித்தான். வாடகை சர்வரில் இரண்டே மாதம் போட்டுப் பார்த்த அனுபவம்தான் எனக்கு. மென்பொருள் இலவசம், 2002-லிருந்து இருக்கிறது. ஆனால் பேக்கப், அப்டேட், சர்வர் எல்லாம் நம் தலையில். படிக்கும் பிள்ளை மேல் அதை ஏற்றுவது பாவம், அங்கே முழுநேர ஆள் வேண்டும் என்றுதான் எனக்குப் பட்டது.

தோழியிடம் அன்றைக்குப் போனை வைக்கும் முன் ஒன்று மட்டும் சொல்லியிருந்தேன். யாரை வைத்துக்கொள்வது என்பது அப்புறம், முதலில் உன் கணக்கின் மீட்பு எண் யாருடையது என்று பார். வகுப்பு முடிந்து ராத்திரி ஒன்பது மணிக்குக் கூப்பிட்டாள். அவள் நாத்தனாருடைய பழைய நம்பராம். ரீசார்ஜ் செய்யாமல் விட்டு ஒரு வருஷம் ஆகிறதாம்.