பூமா, குழாயா? நடுவானில் எரிபொருள் கொடுக்க இரண்டு வழிகள்

ஒரு நாட்டின் விமானப்படை பற்றிப் பேச்சு எழுந்தால் எந்தப் போர் விமானம், எந்த ஏவுகணை என்றுதான் விவாதம் ஓடும். அந்தப் போர் விமானம் எவ்வளவு தூரம் போய்த் திரும்ப முடியும் என்பது பெரும்பாலும் அதற்கு நடுவானில் எரிபொருள் கொடுக்கும் டேங்கர் விமானத்தின் கையில் இருக்கிறது. டேங்கர் வாங்கும்போது எழும் முதல் கேள்வி, எரிபொருளை எந்த வழியில் கொடுப்பது என்பது. இதில் தப்பு செய்துவிட்டால் அடுத்த முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு அதைச் சுமக்க வேண்டும்.

முதல் வழி பூம். டேங்கரின் வால் பகுதியில் நீளும் கெட்டியான குழல் அது. சின்னஞ்சிறு இறக்கைகளும் உண்டு. டேங்கரில் இருக்கும் இயக்குநர் அந்த இறக்கைகளை அசைத்து, குழலைக் கீழே பறக்கும் விமானத்தின் முதுகில் உள்ள துளையில் செருகுவார். பெறும் விமானி தன் இடத்தில் அசையாமல் பறந்தால் போதும்.

இரண்டாவது வழியில், டேங்கரிலிருந்து வளையும் குழாய் ஒன்று பின்னால் நீளும். அதன் நுனியில் இறகுப்பந்தைப் போன்ற கூடை. பெறும் விமானி தன் விமானத்தில் துருத்தி நிற்கும் ப்ரோப் என்ற குழலை அந்தக் கூடைக்குள் நுழைக்க வேண்டும். இங்கே உழைப்பு முழுக்க அவருடையது. அவர் நெருங்க நெருங்க, விமானத்தின் மூக்கு தள்ளும் காற்றே கூடையை விலக்கிவிடும். இரவு, கொந்தளிக்கும் காற்று, தீரப்போகும் எரிபொருள் எல்லாம் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

குழாய் முறையை வளர்த்தவர் பிரிட்டனின் ஆலன் கோப்ஹம் (Alan Cobham). 1949 ஆகஸ்டில் ஒரு மீட்டியர் ஜெட் இந்த முறையில் பத்து முறை எரிபொருள் வாங்கி, 12 மணி 3 நிமிடம் தரையிறங்காமல் பறந்தது. அமெரிக்காவின் கணக்கு வேறு. பெரிய குண்டுவீச்சு விமானங்களுக்குக் குறைந்த நேரத்தில் டன் கணக்கில் எரிபொருள் ஊற்ற வேண்டியிருந்தது. அதற்காகப் போயிங் உருவாக்கியதுதான் பூம்.

வேகத்தில் பூம்தான் முந்தும்: நிமிடத்துக்கு சுமார் 2,700 கிலோ வரை தள்ளும். குழாய் பொதுவாக அதில் பாதியைக்கூட எட்டாது. ஆனால் இந்த எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. போர் விமானத்தால் அந்த வேகத்தில் விழுங்கவே முடியாது. அதோடு, பூம் ஒரு நேரத்தில் ஒரே விமானத்துக்குத்தான் கொடுக்கும். இறக்கைக்கு ஒன்றாகத் தொங்கும் இரண்டு குழாய்கள் இரண்டு போர் விமானங்களுக்கு ஒரே சமயத்தில் கொடுக்கும். நான்கு போர் விமானங்கள் வரிசையில் நின்றால் பூமின் வேகம் பெரிய லாபம் இல்லை. சி-17 மாதிரி பெரிய போக்குவரத்து விமானம் வந்தால் கதை தலைகீழ்.

பாதுகாப்பில் எது மேல் என்று என்னால் தீர்ப்பு சொல்ல முடியவில்லை. 1982 ஜூனில், ஃபாக்லாந்து போரில், தாக்குதல் முடித்துத் திரும்பிய பிரிட்டனின் வல்கன் குண்டுவீச்சு விமானம் ஒன்றின் ப்ரோப் எரிபொருள் வாங்கும்போது உடைந்துபோனது. புறப்பட்ட இடமான அசென்ஷன் தீவுக்குத் திரும்ப வழியில்லாமல் அது ரியோ டி ஜெனிரோவில் போய் இறங்கியது. பூம் பக்கம் அதைவிடக் கொடூரமான உதாரணம் உண்டு. 1966 ஜனவரி 17 அன்று ஸ்பெயினின் பலோமாரஸ் கிராமத்துக்கு மேலே, எரிபொருள் வாங்க நெருங்கிய அமெரிக்காவின் பி-52 குண்டுவீச்சு விமானம் டேங்கரோடு மோதியது. ஏழு பேர் இறந்தார்கள், நான்கு ஹைட்ரஜன் குண்டுகள் விழுந்தன. அமெரிக்காவின் புதிய கேசி-46 டேங்கரிலும், கேமரா வழியாகப் பார்த்து இயக்கும் அமைப்பின் குறையால் பூம் மற்ற விமானத்தின் மேற்பரப்பை உரசும் சிக்கல் எழுந்தது.

எங்கும் பொருத்தலாம் என்பது குழாயின் பெரிய பலம். சி-130 விமானத்திலிருந்து ஹெலிகாப்டருக்குக் கொடுக்கலாம். ஒரு போர் விமானம் இன்னொரு போர் விமானத்துக்கே கொடுக்கலாம்; விமானந்தாங்கிக் கப்பல்களில் இது பெரிய உதவி. பூமால் இதெல்லாம் ஆகாது.

அப்படியென்றால் குழாய் மட்டும் போதுமா? பிரிட்டன் அப்படித்தான் நினைத்தது. அதன் வாயேஜர் டேங்கர்களில் பூம் இல்லை. டைஃபூன் போர் விமானங்களுக்கு அது குறையாகவும் இல்லை. ஆனால் சி-17, கடல் கண்காணிப்புக்கான பி-8 போன்ற விமானங்களை அதே படை வாங்கியது. அவற்றின் முதுகில் இருப்பதோ பூமுக்கான துளை. சொந்த டேங்கரால் சொந்த விமானங்களுக்கு நடுவானில் ஒரு சொட்டுகூடக் கொடுக்க முடியவில்லை. இந்தியாவின் ஐஎல்-78 டேங்கர்களும் குழாய் வகைதான். சுகோய்-30, ரஃபேல், தேஜஸ் எல்லாவற்றுக்கும் பொருந்தும். அங்கேயும் சி-17, பி-8 இரண்டும் இதே காரணத்தால் வெளியே நிற்கின்றன.

அமெரிக்காவின் பழைய கேசி-135 டேங்கரில் பூமின் நுனியில் ஒரு குட்டைக் குழாயை மாட்டிச் சமாளிக்கிறார்கள். அதைத் தரையில்தான் மாட்ட முடியும். மாட்டிவிட்டால் அந்தப் பயணம் முழுக்க பூம் வகை விமானங்களுக்குக் கொடுக்க முடியாது. இதை நான் தீர்வாகவே எண்ணமாட்டேன்.

ஆஸ்திரேலியா செய்ததுதான் சரி என்பது என் கருத்து. அதன் கேசி-30ஏ என்பது ஏர்பஸ் ஏ330 டேங்கர். சுமார் 111 டன் எரிபொருள் கொள்ளும். வாலில் பூம், இறக்கைகளில் குழாய். எஃப்-35ஏ, சி-17 விமானங்களுக்கு பூம், சூப்பர் ஹார்னெட் போர் விமானத்துக்குக் குழாய். பூமுக்குக் கூடுதல் எடை, பராமரிப்பு, தனிப் பயிற்சி பெற்ற இயக்குநர்கள் என்று செலவு ஏறும். போர் விமானங்களும் ஹெலிகாப்டர்களும் மட்டும் உள்ள, அவையும் ப்ரோப் வகையாகவே இருக்கிற சிறிய படை அந்தச் செலவைத் தவிர்க்கலாம். பெரிய போக்குவரத்து விமானமோ கடல் கண்காணிப்பு விமானமோ ஒன்றிரண்டு வந்துவிட்டால்கூட, அடுத்த டேங்கரை பூமோடு கேட்டு வாங்க வேண்டும்.