மினியின் பைபாஸ் ஹோஸும் என் பொறுமையும்

பழைய மினி கார் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். கூடவே, "இன்ஜின் ரொம்பக் கொதிக்குமாமே?" என்று ஒரு துணைக்கேள்வி. நீண்ட பயணத்துக்கு முன்னால் என் மினியின் சூட்டுக் கோளாறைச் சரிசெய்து, போய்த் திரும்பியும் வந்தாயிற்று. நகக்கண்ணில் கிரீஸ் இன்னும் போகவில்லை. இந்த நேரத்தில் கேட்டால் பதில் கொஞ்சம் காரமாகத்தான் வரும்.

நல்லதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் சொல்ல மனம் வராது. 1959-இல் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து வெளிவந்த அந்த மூன்று மீட்டர் வண்டிக்குள் நான்கு பேர் உட்கார முடிவது இன்றைக்கும் ஆச்சரியம். ஸ்டீயரிங்கை லேசாக அசைத்தாலே வண்டி திரும்பிவிடும். வளைவான சாலையில் இதைவிடச் சிரிக்க வைக்கிற காரை நான் ஓட்டியதில்லை.

ஆனால் அந்த இடத்தை மிச்சம் பிடித்த விதத்தில்தான் வம்பும் ஆரம்பிக்கிறது. இன்ஜினைக் குறுக்குவாட்டில் திருப்பி வைத்து, கியர்பாக்ஸை அதற்கு அடியிலேயே, அதே எண்ணெயில் ஓடும்படி வைத்தார்கள். முன்பக்கம் ரேடியேட்டருக்கு இடமில்லை. அதனால் அது இன்ஜினுக்குப் பக்கவாட்டில், இடது மட்கார்டை ஒட்டி நிற்கிறது. மற்ற கார்களில் எதிர்காற்று நேராக ரேடியேட்டரில் அடிக்கும். மினியில் கிரில் வழியாக வரும் காற்று, சூடான இன்ஜினைச் சுற்றிவிட்டு, ஃபேன் தள்ளினால்தான் ரேடியேட்டருக்குள் நுழைந்து சக்கரக் குழிக்குள் வெளியேறும். அந்த ஃபேனும் பெல்ட்டில் ஓடுவது. நெரிசலில் நிற்கும்போது காற்று நிறைய வேண்டும். ஆனால் அதே நேரத்தில்தான் இன்ஜின் மெதுவாகச் சுற்றும், ஃபேனும் அதோடு சேர்ந்து சோம்பிவிடும். ரேடியேட்டரை முன்பக்கம் கொண்டுவந்து மின்சார ஃபேன் வைத்தது 1996 கடைசியில். உற்பத்தியே நின்றது 2000-இல். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

சரி, என் வண்டிக்கு வருவோம். முதலில் சிக்னலில் நின்றால் சூட்டுமானியின் முள் ஏறும், ஓடினால் இறங்கும். பழைய மினிக்கு இது சகஜம். பிறகு, ஓடினாலும் இறங்க மறுத்தது. வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினால் தித்திப்பாக ஒரு வாடை. கூலண்ட், அதாவது இன்ஜினைக் குளிர வைக்கும் தண்ணீர்க் கலவை, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது, தரையில் மட்டும் ஒரு சொட்டுக்கூட இல்லை.

இந்த நிலையில் ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். அதில் முதலிடம் எப்போதும் "தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் தூரப் போடு" என்பதற்குத்தான். இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மூடியிருந்து, சூடானதும் திறக்கும் வால்வு அது. அது நல்ல நிலையில் இருந்தால் அதைக் கழற்றுவதில் எந்த லாபமும் இல்லை. இன்ஜின் உரிய சூட்டுக்கே வராமல் ஓடி வேறு விதத்தில் தேயும். நான் அதைக் கழற்றி, வெந்நீர்ப் பாத்திரத்தில் தெர்மாமீட்டரோடு போட்டுப் பார்த்தேன். 82 என்று பொறித்திருந்தது, ஏறக்குறைய அந்தச் சூட்டில் ஒழுங்காகத் திறந்தது. ஹெட் கேஸ்கெட், அதாவது இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் மூடியான சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு, போயிருக்குமோ என்ற பயமும் இருந்தது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து, குளிர்ந்த இன்ஜினை ஓடவிட்டேன். இடைவிடாமல் குமிழி வந்தால் கேஸ்கெட் மேல் சந்தேகப்படலாம், வரவில்லை. கம்ப்ரெஷனும் நான்கு சிலிண்டரிலும் சரியாக இருந்தது. டைமிங், அதாவது சிலிண்டரில் தீப்பொறி விழும் நேரம், கொஞ்சம் பின்தங்கியிருந்தது. அந்தத் தீப்பொறியை இயக்கும் கான்டாக்ட் பாயிண்டின் குதிகால் தேயத் தேய இடைவெளி சுருங்கும், டைமிங் தானாகவே பின்னால் போகும், அதனாலும் சூடு ஏறும். இடைவெளியை 0.4 மில்லிமீட்டருக்கு வைத்ததும் வண்டி இழுவை தேறியது. முள் அப்படியேதான் நின்றது.

கடைசியில் டார்ச்சை வாட்டர் பம்புக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் இடுக்கில் அடித்துப் பார்த்தால், பச்சையாகக் காய்ந்து உப்புப் பூத்த ஒரு தடம். பைபாஸ் ஹோஸ்.

மினி வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டாலே முகம் மாறும். பம்பின் தலையிலிருந்து ஹெட்டின் அடிவயிற்றுக்குப் போகும் ரப்பர்த் துண்டு அது. நீளம் ஒரு கட்டைவிரல்கூட இருக்காது. தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போது தண்ணீர் தேங்கி நிற்காமல், ஹெட்டில் ஒரே இடத்தில் சூடு குவியாமல், சுற்றிக்கொண்டே இருக்க அதுதான் வழி. வேலை நியாயமானதுதான். வைத்த இடம்தான் அநியாயம். மேலே ஹெட், கீழே பம்ப், இரண்டும் இரும்பு, இரண்டும் அசையாது. நேரான ஹோஸை மாட்ட வேண்டுமானால் இரண்டில் ஒன்றைக் கழற்றியாக வேண்டும். அதற்குப் பயந்து பலர் துருத்தி போல மடிப்பு வைத்த ஹோஸை அமுக்கி உள்ளே நுழைத்துவிடுவார்கள். எனக்கு முன் வண்டியை வைத்திருந்தவரும் அதைத்தான் செய்திருந்தார். அந்த மடிப்பின் பள்ளத்தில்தான் ரப்பர் மெலிந்து, மயிரிழை அளவுக்கு வெடித்திருந்தது. இன்ஜின் சூடாகி அழுத்தம் ஏறினால் மட்டும் வாய் திறக்கும். கசிந்தது சூடான இரும்பிலேயே காய்ந்துவிடும். தரையில் சொட்டு இல்லாததற்கு அதுதான் காரணம்.

இவ்வளவு சின்ன வெடிப்பா முள்ளை அவ்வளவு ஏற்றியது என்று கேட்கலாம். போன தண்ணீர் கொஞ்சம்தான். ஆனால் அதோடு அழுத்தமும் போய்விடுகிறது. பழைய மினியின் ரேடியேட்டர் மூடி 13 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 13 பவுண்டு) அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும். ஒவ்வொரு பிஎஸ்ஐக்கும் கொதிநிலை ஏறக்குறைய ஒன்றரை டிகிரி உயரும். அந்த இருபது டிகிரிப் பாதுகாப்பு ஒரு மயிரிழை வழியாக வெளியே போய்விட்டால், நூறு டிகிரியைத் தாண்டியதுமே கொதிப்பு ஆரம்பித்துவிடும்.

பயணத்துக்கு மறுபடி ஒரு மடிப்பு ஹோஸை நம்பிப் போக மனம் ஒப்பவில்லை. கட்டைவிரல் நீள ரப்பருக்காக ஃபேன், பெல்ட், ரேடியேட்டர், கடைசியில் பம்ப் என்று எல்லாம் வெளியே வந்தன. புதிய நேர் ஹோஸைப் பம்போடு சேர்த்துத்தான் ஏற்ற வேண்டும். கிளிப்பின் திருகுத் தலை ஸ்க்ரூ டிரைவர் எட்டும் பக்கம் பார்த்திருக்க வேண்டும். பம்ப் போல்ட்டை முறுக்கும்போது அந்தக் கிளிப் மெதுவாகச் சுழன்று பின்பக்கம் திரும்பிக்கொள்ளும். மறுபடி தளர்த்து, மறுபடி திருப்பு. அந்த இடுக்கில் இரண்டு விரலுக்குத்தான் இடம், மூன்றாவது விரலின் தோல் போய்விடும். இதை வரைந்தவர் ஒரு முறையாவது தன் கையால் மாட்டிப் பார்த்திருப்பாரா என்று சத்தமாகவே கேட்டேன். வீட்டில் யாரும் பதில் சொல்லவில்லை.

நியாயமாகப் பேசினால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ரேடியேட்டரை வெளியே எடுத்த பிறகுதான் அதன் மறுபக்கத்தைப் பார்த்தேன். சக்கரம் வாரியடித்த சேறு அதன் மெல்லிய தகடுத் துடுப்புகளுக்கு நடுவே காய்ந்து கெட்டியாகி, கீழ்ப்பாதியையே அடைத்திருந்தது. வண்டியில் மாட்டியிருக்கும்போது பானட்டைத் திறந்து பார்த்தால் ஃபேன் பக்கம் மட்டும்தான் தெரியும், அது பளிச்சென்று இருக்கும். தண்ணீரை மெல்லப் பாய்ச்சிக் கழுவினேன், வேகமாக அடித்தால் துடுப்புகள் மடங்கிவிடும். பிளாக்கின் வடிகால் அடைப்பையும் திறந்துவிட்டேன். ரேடியேட்டரை மட்டும் வடித்தால் பிளாக்கில் பாதித் தண்ணீரும் துருவும் தங்கிவிடும். காபிப் பொடி நிறத்தில் வந்துகொண்டே இருந்தது. ஆக, சூட்டுக்குப் பெரிய காரணம் சேறா, துருவா, ஹோஸா என்று பிரித்துச் சொல்ல முடியாது. சேறாகக்கூட இருக்கலாம். ஆனால் சேற்றின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

பயணத்தில் வண்டி ஒரு குறையும் வைக்கவில்லை. நெரிசலில் முள் நடுவில் நின்றது. நீண்ட மலையேற்றத்தில் மட்டும் கொஞ்சம் தாண்டியது. உடனே ஹீட்டரை முழுக்கத் திறந்தேன். அது இன்னொரு குட்டி ரேடியேட்டர்தானே, முள் கண்ணெதிரே இறங்கிவந்தது. உள்ளே இருந்தவர்கள் வெந்துபோனார்கள், ஜன்னலைத் திறந்துகொண்டார்கள். இறக்கத்தில், அந்த வளைவுகளில், வண்டி ஓடிய ஓட்டத்துக்கு அவர்களே மன்னித்துவிட்டார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். தோல் உரிந்த விரலோடு எழுதும் பதில் இது, அடுத்த மாதம் கேட்டால் மாறலாம். அதற்குள் வாங்கியே தீருவேன் என்றால், விலை பேசுவதற்கு முன் குளிர்ந்த இன்ஜினில் பம்புக்கு மேலே டார்ச் அடித்துப் பாருங்கள். மடிப்பு ஹோஸ் தெரிந்தால் அதற்கும் சேர்த்து விலையைக் குறையுங்கள். ஹெட்டை வேறு எந்த வேலைக்காகக் கழற்றினாலும், நேர் ஹோஸ் ஒன்றைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு கழற்றுங்கள். முன் பக்க ரேடியேட்டர் உள்ள கடைசிக்கால வண்டி கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள்.