இக்னோ பொருளியல் ஹானர்ஸ்: மூன்று ஆண்டில் முடியுமா?

இக்னோ எனும் இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் மூன்றாண்டு பி.ஏ. பொருளியல் ஹானர்ஸில் சேர்ந்தவர்கள் வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கலாம். முடிக்க வேண்டியது 148 கிரெடிட், ஆறு செமஸ்டர். கிரெடிட்டுக்கு 30 மணி நேரம் என்பது கணக்கு. ஆறு கிரெடிட் தாள் ஒன்றே 180 மணி நேரத்தை விழுங்கிவிடும். பலர் சறுக்குவது கணிதத்தில்தான். முதல் இரண்டு செமஸ்டரின் கணித முறைகள் தாள்களைத் தள்ளிப்போட்டால், பின்னால் வரும் புள்ளியியலும், பொருளாதாரத் தரவுகளைப் புள்ளியியல் முறையில் ஆராயும் எக்கனோமெட்ரிக்ஸும் தலைக்குள் ஏறாது. வகையீட்டை (differentiation) முதலிலேயே கைவசப்படுத்துங்கள். அசைன்மென்ட்டுக்கு 30 சதவீதம். தேர்வில் எவ்வளவு வாங்கினாலும் அது இல்லாமல் தாள் தேறாது. ஜூன், டிசம்பர் என ஆண்டுக்கு இரண்டே தேர்வு. ஒன்று தவறினால் ஆறு மாதம் போச்சு. அதிகபட்சம் ஆறு ஆண்டு அவகாசம் உண்டு, அதை நம்பி மெத்தனமாக இருக்க வேண்டாம். அடுத்த கட்டப் படிப்புக்கான மறுபதிவுக்கு முந்தைய தேர்வு முடிவு வரும்வரை காத்திருக்காதீர்கள். பாடநூல்கள் இக்னோவின் இ-ஞானகோஷ் இணையதளத்தில் இலவசம்.