பழைய காரீயமா, புதிய வெள்ளீயமா? பொம்மைப் போர்வீரர் சேகரிப்பில் நான் எடுத்த முடிவு

லண்டனில் வேலைபார்த்த ஏழு ஆண்டுகளில் சேர்த்த உலோகப் பொம்மை வீரர்களைச் சென்னைக்குக் கொண்டுவந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அப்போது என்னிடம் இரண்டு வகையும் ஏறக்குறைய சரிபாதியாக இருந்தன. பிரிட்டன்ஸ் நிறுவனம் 1893 முதல் 1966 வரை ஈயத்தில் வார்த்து, பளபளக்கும் வண்ணம் பூசி விற்ற பழைய வீரர்கள் ஒரு வகை. 1983-இல் ஹாங்காங்கில் தொடங்கப்பட்ட கிங் அண்ட் கண்ட்ரி போன்ற நிறுவனங்கள், பளபளப்பில்லாத மேட் வண்ணத்தில் நுணுக்கமாகத் தீட்டி விற்கும் புதிய உருவங்கள் மற்றொரு வகை. சென்னை வீட்டில் இருந்த இடமும் கையில் இருந்த பணமும் இனி ஒரு வகைக்குத்தான் போதும் என்றானபோது, நான் பழையவற்றை வைத்துக்கொண்டு புதியவற்றில் நான்கைத் தவிர மற்றவற்றை விற்றுவிட்டேன். கடலோர ஊரில் ஈயத்தை வைத்துக் காப்பாற்ற முடியுமா என்று இந்தப் பொழுதுபோக்கில் இருக்கும் நண்பர்கள் எல்லோரும் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு நான் கண்ட விடைதான் இந்த ஒப்பீட்டின் பெரும்பகுதி.

இரண்டும் உலோகம்தான் என்றாலும் ஒரே உலோகம் அல்ல. பழைய வீரன் பெரும்பாலும் காரீயம். அதில் சிறிதளவு ஆன்டிமனி என்ற உலோகமும் வெள்ளீயமும் சேர்ந்திருக்கும். புதிய உருவங்களுக்குப் பயன்படும் ஒயிட் மெட்டல் பொதுவாக வெள்ளீயம் மிகுந்த கலவை, அதாவது நம் வீடுகளில் ரசம் கொதித்த ஈயச்சொம்பின் இனம். பேச்சுவழக்கில் இரண்டையும் ஈயம் என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் ஒன்று உணவு சமைத்த உலோகம், மற்றொன்று தொட்டால் கை கழுவ வேண்டிய நச்சு. வாங்குபவர் முதலில் மனத்தில் வைக்க வேண்டிய வேறுபாடு இது. புதியவற்றிலும் சிலவற்றில் காரீயம் கலந்திருக்கும் என்பதால், சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் எந்த வகையையும் எட்டாத உயரத்தில்தான் வைக்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியும் வேறுபாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரிட்டன்ஸ் வீரனின் உயரம் 54 மில்லிமீட்டர். அக்காலத்தில் ‘ஒன்றாம் எண்’ என்ற தண்டவாள அளவில் ஓடிய பொம்மை ரயிலுக்குப் பொருந்தும்படி வைத்த அளவு அது. புதியவை முப்பதில் ஒரு பங்கு அளவில் ஏறக்குறைய 60 மில்லிமீட்டர் இருக்கும். ஒரே தட்டில் இரண்டையும் கலந்து வைத்தால் பழையவர்கள் பிள்ளைகளைப் போலத் தெரிவார்கள். முகத்தின் உணர்ச்சி, சீருடையின் மடிப்பு, தோல்பட்டையின் தையல் ஆகிய எல்லாவற்றிலும் புதியவையே மேல், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. விலையில் பழையவை முந்துகின்றன: ஒரு புதிய வீரனின் விலைக்கு, வண்ணம் ஆங்காங்கே உதிர்ந்த பழைய வீரர்கள் நாலைந்து பேரை லண்டன் சந்தைகளில் வாங்கலாம். பெட்டி கெடாத பழைய தொகுதி என்றால் கணக்கு தலைகீழாகிவிடும்.

பழையவற்றின்மேல் எனக்கு ஏற்பட்ட பிடிப்புக்கு முதல் காரணம் அவை வார்க்கப்பட்ட முறை. 1893-க்கு முன்பு ஆங்கிலேயச் சிறுவர்களின் கையில் இருந்தவை பெரும்பாலும் ஜெர்மனியிலிருந்து வந்த, உள்ளும் ஈயம் நிறைந்த கனத்த வீரர்கள். வில்லியம் பிரிட்டன் (இளையவர்) கண்ட வழியில், உருகிய கலவையை அச்சில் ஊற்றி, சுவரை ஒட்டிய மெல்லிய படலம் உறைந்த உடனேயே அச்சைக் கவிழ்த்து நடுவில் இருந்த குழம்பைத் திரும்பக் கொட்டிவிடுவார்கள். உள்ளே வெறுமையாக இருக்கும் வீரன் கிடைப்பான். உலோகம் மிச்சம், எடை குறைவு, விலையும் குறைவு. கையில் எடுத்தால் முட்டையோட்டைப் போன்ற அந்த இலேசான எடையே இது பிரிட்டன்ஸ் என்று சொல்லிவிடும். தோளில் சிறு முளையில் சுழலும் வலது கையும், வீடுகளில் உட்கார்ந்து கூலிக்கு வண்ணம் தீட்டிய பெண்கள் வைத்த இளஞ்சிவப்புக் கன்னமும், ஒரே இழுப்பில் வரைந்த மீசையும் மற்ற அடையாளங்கள்.

அவற்றைத் திருப்பிப் பார்த்து அடிப்பகுதியைப் படிப்பதே தனி ஆர்வம். தொடக்கக் காலத்துக் காலாட்படை வீரர்கள் நீள்வட்டத் தட்டில் நிற்பார்கள். பிறகு தட்டு சதுரமானது. வேறு நிறுவனங்கள் திருடி வார்த்ததால் 1900-ஐ ஒட்டிப் பதிப்புரிமைத் தேதி அச்சிட்ட காகிதத் துண்டை அடியில் ஒட்டினார்கள், பின்னர் எழுத்தை அச்சிலேயே செதுக்கினார்கள். அந்தத் தேதி உருவம் வடிக்கப்பட்ட நாளைக் குறிக்குமே தவிர, உங்கள் கையில் உள்ள பொம்மை வார்க்கப்பட்ட நாளை அல்ல. இதை அறியாமல் நான் முதல் ஆண்டில் இரண்டு முறை கூடுதல் விலை கொடுத்திருக்கிறேன். பிரிட்டன்ஸ் பட்டியலில் மதராஸ் காலாட்படைத் தொகுதி ஒன்றும் இருந்தது. தலைப்பாகையும் சிவப்புச் சட்டையுமாக அந்தத் தொகுதியைச் சேர்ந்த ஒற்றை வீரன் ஒரு சந்தையில் கிடைத்தபோதுதான், இது எங்கோ நடந்த யாருடைய கதையோ அல்ல என்று எனக்குப் பட்டது.

இனி முடிவைத் தீர்மானித்த விஷயமான பராமரிப்புக்கு வருகிறேன்.

சென்னைக்கு வந்ததும் தூசி நுழையாத சுவர் அலமாரி ஒன்றைத் தச்சரிடம் சொல்லிப் பிளைவுட்டில் செய்தேன். கதவு கண்ணாடி, விளிம்பெல்லாம் இறுக்கமான ரப்பர். இரண்டாம் ஆண்டுக் கார்த்திகை மழையில் ஒரு நாள் கண்ணாடி துடைக்கக் கதவைத் திறந்த அம்மா, "இவன் காலுக்கு யாருப்பா விபூதி பூசினது?" என்று கேட்டார். விபூதியேதான், நிறமும் மென்மையும் அப்படியே இருந்தன. குதிரைகளின் வயிற்றிலும், வீரர்களின் பாதத்தைச் சுற்றியும், வண்ணம் வெடித்திருந்த இடங்களிலெல்லாம் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. தட்டினால் உதிர்ந்தது, அடியில் உலோகம் அம்மைத் தழும்புபோல் குழிந்திருந்தது. அறுபத்திரண்டு பேரில் பத்தொன்பது பேருக்கு இந்த நோய். அதே தட்டில் இருந்த புதிய உருவங்களில் ஒன்றுக்குக்கூட இல்லை. அன்று முடிவெடுத்திருந்தால் பழையவற்றை விற்றிருப்பேன்.

ஈயத்தை இப்படி அரிப்பது கடற்காற்று என்றுதான் நானும் நம்பினேன். அருங்காட்சியகங்களின் அனுபவம் வேறு மாதிரி இருந்தது. மரம், பிளைவுட், அட்டை ஆகியவை தாம் பழையதாகும்போது அசெட்டிக் அமிலத்தின் ஆவியை, அதாவது வினிகரின் புளிப்பைத் தரும் பொருளை, மிகச் சிறு அளவில் வெளிவிட்டுக்கொண்டே இருக்கின்றன. மூடிய பெட்டிக்குள் அந்த ஆவியும் ஈரமும் காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்தால் காரீயம் வெள்ளைக் கார்பனேட்டாக மாறுகிறது. ஐரோப்பியர்கள் ஓவிய வண்ணத்துக்கான வெள்ளைப் பொடியைப் பல நூற்றாண்டுகள் இதே முறையில்தான் தயாரித்தார்கள்: வினிகர் ஊற்றிய சட்டிகளில் ஈயச் சுருள்களை வைத்து, சாண எருவில் புதைத்துவிடுவார்கள். அவர்கள் வேண்டுமென்றே செய்ததை என் இறுக்கமான அலமாரி நான் கேட்காமலே செய்திருந்தது.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆண்ட்ரூ ஆடி 1973-இல் வெளியிட்ட ஒரு சோதனை உண்டு. காட்சிப்பேழைக்குப் பயன்படுத்தப்போகும் பொருளின் துண்டை வெள்ளி, செம்பு, காரீயத் தகடுகளோடு சிறிது நீருடன் கண்ணாடிக்குள் மூடி, 60 டிகிரி செல்சியஸில் 28 நாள் வைத்துப் பார்ப்பார்கள். நான் அதை ஏழைக்கேற்ற எள்ளுருண்டையாகச் செய்துபார்த்தேன். காசிமேட்டில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகள் வாங்கிக் கத்தியால் பளிச்சென்று சுரண்டினேன். வினிகர் வாசம் துளியும் இருக்கக் கூடாது என்பதால் ஊறுகாய் பாட்டில்களை விட்டுவிட்டு, புதிய கண்ணாடி பாட்டில்கள் நான்கு வாங்கினேன். முதலாவதில் அலமாரியின் பிளைவுட் துண்டு, இரண்டாவதில் பழைய கதவின் தேக்குத் துண்டு, மூன்றாவதில் அட்டை, நான்காவதில் உப்பு கரைத்த நீர் மட்டும். எல்லாவற்றிலும் ஈயத்தில் படாதபடி ஈரப்பஞ்சு வைத்து, மொட்டை மாடியில் நிழலில் ஆறு வாரம் விட்டேன்.

மூன்றாம் வாரமே பிளைவுட் பாட்டிலில் இருந்த குண்டு வெளுத்துவிட்டது. அட்டையோடு இருந்ததில் திட்டுத்திட்டாக வெள்ளை. தேக்கோடு இருந்ததில் மூச்சுப்பட்டது போன்ற மெல்லிய படலம். உப்பு நீரோடு இருந்த குண்டு ஆறாம் வாரத்திலும் மங்கிய சாம்பல் நிறத்தோடு சரி. இது ஆய்வகத்தில் அளந்து செய்த சோதனை அல்ல, வேறு பிளைவுட்டில் வேறு விளைவு வரலாம். ஆனாலும் என் வீரர்களை அரித்தது எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் கடல் அல்ல, நானே செய்துவைத்த அலமாரிதான் என்று உறுதிப்பட இது போதுமானதாக இருந்தது.

அதன்பின் பவுடர் கோட்டிங் செய்த இரும்புச் சட்டமும் கண்ணாடித் தட்டுகளுமாக ஒரு ஷோகேஸ் செய்து, வாசம் போக ஒரு மாதம் காலியாகத் திறந்துவைத்த பிறகே வீரர்களை உள்ளே நிறுத்தினேன். கதவு விளிம்பில் காற்றுப் போக மெல்லிய இடைவெளி உண்டு. மழைக்காலத்தில் மட்டும் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் வைப்பேன். நோய்பட்டவர்களை முகக்கவசம் அணிந்து மெல்லிய தூரிகையால் தட்டிச் சுத்தம் செய்தேன். அந்தப் பொடி நச்சு என்பதால் விரித்த செய்தித்தாளோடு மூடிக்கட்டி அகற்ற வேண்டும். மேலே புது வண்ணம் பூசவில்லை, பூசவும் கூடாது. ஏழு ஆண்டுகளில் புதிதாக ஒருவருக்கும் வெள்ளை பூக்கவில்லை. கசப்பான செய்தி ஒன்று உண்டு: பழைய தொகுதியின் மதிப்பைக் கூட்டும் அசல் சிவப்பு அட்டைப்பெட்டியே ஈயத்துக்குக் கேடு. பெட்டியைத் தனியாகவும் வீரர்களைத் தனியாகவும் வைப்பதுதான் வழி.

இந்த ஒரு நோயைத் தீர்த்துவிட்டால் மற்ற பராமரிப்பில் பழையவையே எளிது. சென்னைத் தூசி எந்தக் கண்ணாடிக்குள்ளும் நுழையும். பிரிட்டன்ஸின் பளபளப்பான வண்ணத்தில் படியும் தூசி, உலர்ந்த தூரிகையின் ஒரு வருடலில் போய்விடுகிறது. புதியவற்றின் மேட் வண்ணமோ தூசியைப் பிடித்துக்கொள்கிறது. கொஞ்சம் அழுத்தித் துடைத்தால் துடைத்த இடம் மட்டும் மினுங்கத் தொடங்குகிறது. என்னிடம் இருந்த ஓர் அதிகாரியின் முழங்கை அப்படித்தான் வியர்த்ததுபோல் ஆனது. அதைச் சரிசெய்ய, அந்தப் பூச்சைப் பூசியவரின் கைத்திறமை வேண்டும். தவிர, நிஜத்துக்கு நெருங்கிய மெல்லிய வாளும் கடிவாளமும் ஒட்டுப்பசையில் நிற்கின்றன. வீடு மாற்றும்போது முதலில் போவது அவைதான். பழைய வீரனின் கை போனால் அதே அளவில் வார்த்த மாற்றுக்கை விலைக்குக் கிடைக்கிறது. மாற்றுக்கை இருப்பதை விற்கும்போது சொல்லிவிட வேண்டும், விலையும் குறையும். ஆனால் வீரன் அணிவகுப்பில் நிற்பான். என்னிடம் உள்ள ஒரு முரசுக்காரனை ஆட்டினால் உள்ளே ஏதோ உருளும் ஓசை கேட்கும். அந்தக் காலத்தில் எந்தச் சிறுவனோ முறிந்த தலையைத் தீக்குச்சியால் பொருத்தியிருக்கிறான். மீந்த குச்சி உடைந்து உள்ளே கிடக்கிறது. அதை நான் மாற்றப்போவதில்லை.

மறுவிற்பனை பற்றி ஓரளவே சொல்ல முடியும், ஏனென்றால் நான் விற்றது புதியவற்றை மட்டுமே, அதுவும் ஒரே முறை. உற்பத்தி நிறுத்தப்பட்ட சில உருவங்கள் நான் கொடுத்த விலைக்கு மேல் போயின, பெரும்பாலானவை குறைவாகத்தான் போயின. பழையவற்றுக்குத் தொகுதி எண் உண்டு, ஏலங்களில் நெடுங்கால விலைப் பதிவும் உண்டு, ஆகவே பேரம் பேசக் காலடியில் தரை இருக்கிறது. ஆனால் அவற்றை வாங்கி வளர்ந்த தலைமுறை மறைந்தபின் விலை எப்படி இருக்கும் என்ற கவலை எனக்கும் உண்டு. லாபத்துக்காக வாங்குபவருக்கு இரண்டையுமே நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இவை தவிர வேறு இரு பாதைகளும் உள்ளன. ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரத்து ஹைன்ரிக்ஸன் குடும்பத்தால் 30 மில்லிமீட்டர் அளவில் புகழ்பெற்ற தட்டை உருவங்கள் காகிதத்தில் வெட்டியதுபோல் மெல்லியவை. அதே நாட்டின் குல்ம்பாக் கோட்டையிலுள்ள அருங்காட்சியகத்தில் அவற்றின் காட்சித்தொகுப்புகளைப் பார்த்து நெடுநேரம் நின்றிருக்கிறேன், சேர்த்ததில்லை. ஸ்பெயினின் ஆந்த்ரேயா, இத்தாலியின் பெகாஸோ போன்றவை விற்கும் வண்ணம் பூசாத உருவங்கள் தீட்டத் தெரிந்தவருக்கானவை. இரண்டாம் உலகப்போரின் டாங்கிகளோடு ஒரு போர்க்களக் காட்சியை முழுமையாக அமைக்க விரும்புபவர்கள் தயங்காமல் புதிய மேட் உருவங்களையே வாங்கலாம். பழைய பிரிட்டன்ஸ் வீரர்கள் அணிவகுப்புக்கானவர்கள், அவர்களை அகழிக்குள் நிறுத்தினால் பொருந்தாது.

நான் விற்காமல் வைத்திருக்கும் நான்கு புதிய உருவங்களும் ஹாங்காங் தெருக் காட்சித் தொடரைச் சேர்ந்தவை. அவர்களுக்குத் தனிக் கண்ணாடி மூடி. பழையவர்களின் ஷோகேஸில் கீழ்த்தட்டின் மூலையில், சுரண்டிய காசிமேட்டு ஈயக்குண்டு ஒன்றை நிரந்தரமாக வைத்திருக்கிறேன். வண்ணப்பூச்சு இல்லாத அதுதான் முதலில் வெளுக்கும் என்பதால், மாதம் ஒருமுறை அதைப் பார்த்த பிறகே வீரர்களைப் பார்க்கிறேன்.