அன்றாடப் பொருள்களின் ஒலிப்பதிவுகள்: இரவுக்கு எது உதவுகிறது?

மின்விசிறி, சலவை இயந்திரம், சுவர்க்கடிகாரம், கொதிக்கும் கேத்தல் போன்ற வீட்டுப் பொருள்களின் ஓசையை மணிக்கணக்கில் நீட்டி, மன அமைதிக்கென்று தரும் ஒலிப்பதிவுகள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. திருகோணமலையில் சித்திரை தொடங்கிப் புரட்டாசி வரை யன்னலைச் சாத்திவிட்டுப் படுக்க முடியாது. திறந்து வைத்தால் தெருநாய்களின் குரைப்பும், பின்னிரவில் ஓடும் லொறிகளின் இரைச்சலும், விடிந்தும் விடியாததுமாகப் பாண் விற்க வரும் முச்சக்கரவண்டியின் மெட்டும் உள்ளே வந்துவிடும். ஆகவே இப்பதிவுகளைப் பொழுதுபோக்குக்காகக் கேட்பவனல்லன் நான், உறக்கத்துக்காகக் கேட்கிறேன். அந்த அளவுகோலில் பார்த்தால், ஒலி முடிந்து மறுபடி தொடங்கும் இடம் காதில் படாத பதிவே நல்ல பதிவு.

யூடியூபில் பத்து மணி நேரம் என்று கிடைக்கும் பதிவுகள் பலவும் இந்த இடத்தில்தான் தவறுகின்றன. ஓரிரு நிமிட ஒலியை வெட்டி, வரிசையாக ஒட்டி விடுகிறார்கள். சலவை இயந்திரத்தின் சுழற்சிக்கு நடுவே ஒரு பொத்தான் உருளையில் மோதி ‘டக்’ என்று ஒலித்தால், அதே ‘டக்’ அதே இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும். அதைக் கண்டுகொண்ட காது, அடுத்ததற்காகக் காத்திருக்கத் தொடங்கிவிடும். பிறகு உறக்கம் எங்கே வரும்? இதற்கான தீர்வு புதியதன்று. 1978இல் விமான நிலையங்களுக்கென வெளியிட்ட இசைத்தொகுப்பில் பிரித்தானிய இசைக்கலைஞர் பிரையன் ஈனோ, முனையோடு முனை ஒட்டப்பட்டு ஓயாமல் சுற்றும், வெவ்வேறு நீளமுள்ள ஒலிநாடா வளையங்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டார். ஒன்று இருபத்து மூன்றரை விநாடிக்கு ஒருமுறையும், இன்னொன்று ஏறத்தாழ முப்பது விநாடிக்கு ஒருமுறையும் திரும்பியதால், ஒரே சேர்க்கை மறுபடி அமைவது மிக அரிதாயிற்று.

பெல்ஜியப் பொறியாளர் ஸ்தெஃபான் பிஜோன் 2013இல் தொடங்கிய மைநாய்ஸ் என்ற சேவையை நான் முதலிடத்தில் வைப்பதற்கும் இதுவே காரணம். அங்கே ஒவ்வொரு சூழலும் பத்து இழுவைக் கட்டுப்பாடுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அவை தாமாகவே மெல்ல ஏறி இறங்கும்படியும் விடலாம். உணவகச் சூழலில் பேச்சிரைச்சலைத் தணித்து, குசினிப் பாத்திரங்களின் ஓசையை மட்டும் உயர்த்திக்கொள்ளலாம். நம் செவித்திறனுக்கும் ஹெட்போனுக்கும் ஏற்ப ஒலியளவைச் சரிசெய்யும் வசதியும் உண்டு. விளம்பரம் இல்லை, நன்கொடையில் இயங்குகிறது. நள்ளிரவில் அமைதியைக் கிழித்துக்கொண்டு விளம்பரம் கத்தாதது ஒன்றே எனக்குப் பெரிய ஆறுதல்.

தனிப்பதிவுகளில் மின்விசிறிக்கு நிகரில்லை. அதன் ஒலி தாழ்ந்த சுரம் முதல் உயர்ந்த சுரம் வரை பரந்திருப்பதால், நாய் குரைத்தாலும் அமைதிக்கும் குரைப்புக்கும் இடையிலுள்ள வேறுபாடு குறைந்து, திடுக்கிட்டு எழ வேண்டியிருப்பதில்லை. தலைக்கு மேலே உண்மையான விசிறி சுழலும்போது பதிவு எதற்கு என்று கேட்கலாம். 2022இல் மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரத்தைத் தொட்ட காலத்தை நினைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். விசிறி நின்றதும், வியர்ப்பதற்கு முன்பே, அந்தத் திடீர் நிசப்தம்தான் நம்மை எழுப்பிவிடும். கைத்தொலைபேசியில் அதே இரைச்சல் தொடர்ந்தால், குழந்தைகளாவது சற்று நேரம் கூடுதலாக உறங்குவார்கள்.

தேநீர் தயாரிக்கும் பதிவுகள் வேறு வகை. அவற்றை உறக்கத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன், மாலையில் இளைப்பாறக் கேட்கலாம். நான் கேட்ட ஒன்றில், சுடுநீரில் பால்மாவைக் கலக்கியபின் கோப்பையின் அடியைக் கரண்டியால் மெல்லத் தட்டுகிறார்கள். முதலில் மங்கலாக, தாழ்ந்து கேட்கும் ஓசை, தட்டத் தட்ட மேலே ஏறிக்கொண்டே போகிறது. கலக்கும்போது நீரில் சிக்கும் நுண்ணிய காற்றுக் குமிழிகள் ஒலியின் வேகத்தைக் குறைப்பதும், அவை வெளியேற வெளியேற வேகம் மீள்வதுமே இதன் காரணம். நல்ல ஒலிவாங்கியை அருகில் வைத்தவர்களுக்கே இது இவ்வளவு தெளிவாக அகப்படும்.

கேட்கும் கருவியிலும் கவனம் வேண்டும். கைத்தொலைபேசியின் சிறிய ஒலிபெருக்கியில் தாழ்ந்த முழக்கம் வராது, சீறல்தான் மிஞ்சும். சாதாரண புளூடூத் ஒலிபெருக்கியே போதும். உலக சுகாதார நிறுவனம் 1999இல் படுக்கையறையின் தொடர் இரைச்சலுக்கு 30 டெசிபெல் என்ற அளவைப் பரிந்துரைத்தது. எனவே ஒலியைக் குறைத்து, கட்டிலிலிருந்து தள்ளி வைப்பது நல்லது.

என் ஒரே ஏக்கம், நம் வீட்டுப் பொருள்கள் இவற்றில் கிட்டத்தட்ட இல்லை என்பதே. திருவலையில் தேங்காய் துருவும் ஓசை, சுளகில் அரிசி புடைக்கும் ஓசை, தகரக் கூரையில் மார்கழி மழை ஆகியவை மேற்கத்தியக் கேத்தலுக்கு எவ்விதத்திலும் குறைந்தவையல்ல. பார்சலோனாவின் பொம்பெயு ஃபாப்ரா பல்கலைக்கழகம் 2005இல் தொடங்கிய ஃப்ரீசவுண்ட் தளத்தில் யாரும் இலவசமாக ஒலிகளைப் பதிவேற்றலாம். உப்புவெளியிலோ மூதூரிலோ ஒருவர் சுளகொலியை அரை மணி நேரம் வெட்டாமல் பதிவு செய்து அங்கே இட்டால், அன்றிரவே நான் அதை இறக்கிக் கேட்பேன்.