உறவுக்குறிகளை அச்சுக்கோப்பதில் லேடெக் எப்படி?

=, ≤, ∈ போன்ற உறவுக்குறிகளை அச்சுக்கோப்பதில், கட்டளைகளால் ஆவணம் எழுதும் மென்பொருளான லேடெக்கை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் தப்பு செய்தால் எச்சரிக்கவும் செய்யாது. அதுதான் பெரிய குறை.

குறியின் உருவத்தை அது பார்ப்பதில்லை, வகையைத்தான் பார்க்கும். உறவு வகை என்றால் இருபுறமும் 5 மியூ இடம், கூட்டல் போன்ற செயற்குறிக்கு 4 மியூ. 18 மியூ சேர்ந்தால் ஒரு எம், அதாவது ஏறக்குறைய எழுத்துருவின் அளவு. இது லேடெக்கின் அடித்தளமான, டொனால்ட் குனூத்தின் டெக் தந்த சீதனம். நீங்கள் எத்தனை ஸ்பேஸ் தட்டினாலும் கண்டுகொள்ளாது. வரி முறிப்பதற்கும் கணக்கு உண்டு: உறவுக்குறிக்குப் பின் முறித்தால் அபராதம் 500, செயற்குறிக்குப் பின் 700; அபராதம் கூடினால் அங்கே முறிக்கத் தயங்கும். அதனால் சமக்குறியை ஒட்டியே பெரும்பாலும் முறியும். ∑ குறிக்குக் கீழே எழுதும் எல்லையில் மட்டும் சமக்குறி நெருக்கி நிற்கும்; கீழ்க்குறி அளவில் உறவு இடைவெளி கிடையாது.

வம்பு விசைப்பலகையில் இருந்துதான் வருகிறது. ‘3 ஆல் 12 வகுபடும்’ என்று காட்ட நேர்கோட்டு விசையைத் தட்டினால் அது சாதாரணக் குறி, 3|12 என்று ஒட்டிக்கொள்ளும். பின்சாய்வுக்கோட்டோடு ‘மிட்’ கட்டளை கொடுத்தால்தான் 3 ∣ 12 என்று மூச்சு விடும். வகுபடாது என்று காட்ட ‘நாட்’ கட்டளையை அதன் முன்னால் சேர்க்காதீர்கள். அந்தச் சாய்கோடு சமக்குறியின் அகலத்துக்கு அளந்தது, ஒல்லியான கோட்டின் மேல் இடம் தவறி விழும். ஏஎம்எஸ்சிம்ப் என்ற கூடுதல் கட்டளைத் தொகுப்பில் ‘என்மிட்’ தயாராக இருக்கிறது.

முக்காற்புள்ளி நேர்மாறு. அது உறவுக்குறியாகவே பிறந்தது. f: A → B போலச் சார்பின் பெயரை அடுத்து அதை வைத்தால் இருபுறமும் விலகி நிற்கும். அங்கே ‘கோலன்’ கட்டளை வேண்டும். வரையறைக்கு := தட்டினால் புள்ளிகள் சற்றுக் கீழே இறங்கித் தெரியும். மேத்டூல்ஸ் தொகுப்பின் ‘கோலன்ஈக்யூக்யூ’ அதை நடுவுக்குத் தூக்கிவிடும். இதற்காகவே அந்தத் தொகுப்பைச் சேர்க்கலாம். உட்பெருக்கத்துக்கு < > தட்டுவதும் இதே ரகத் தப்புதான், ‘லாங்கிள்’, ‘ராங்கிள்’ எடுங்கள்.

லேடெக் கோப்பைப் பிடிஎஃப் ஆக்கும் பிடிஎஃப்லேடெக்கில் எழுத்துருக் குறியாக்கத்தை மாற்றாமல், கணிதத்தைச் சூழும் டாலர் குறிகளுக்கு வெளியே < தட்டிப் பாருங்கள். ¡ அச்சாகும், பிழைச்செய்தி வராது.

பல வரிச் சமன்பாட்டுக்கு ‘அலைன்’ போதும்; வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக நிறுத்தும் & எப்போதும் சமக்குறிக்கு முன்னால். பின்னால் போனால் வலப்புற இடைவெளி காலி. பழைய வார்ப்புருக்களில் கிடக்கும் ‘ஈக்யூஎன்அர்ரே’ சமக்குறியைச் சுற்றி வேண்டாத இடத்தை அள்ளிக் கொட்டும், தொடாதீர்கள். எந்தத் தொகுப்பிலும் இல்லாத குறியை ‘மேத்ரெல்’ கட்டளையின் அடைப்புக்குள் போட்டால் அதற்கும் அதே 5 மியூ கிடைத்துவிடும்.